அடிக்க வேண்டிய பெயர்

எதிர்த்து நிற்க ஒரு நாதியும் இல்லாதபோது, ஒரு மனிதர் எதற்காக சிட்னியிலிருந்து இரண்டு நாள் நீராவிக் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வர வேண்டும்? பிண்டராவில் இருந்த அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி தோன்றியது. மற்றவர்கள் பாண்டு வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர் டெனூன். ஒன்பது வருஷமாக எங்கள் தொகுதியின் சட்டசபை மெம்பர். அந்த ஏப்ரலில் அவரை மராமத்து மந்திரி ஆக்கினார்கள். எங்கள் காலனியில் ஒரு சட்டம் உண்டு. மெம்பராக இருப்பவர் மந்திரி உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டால் அந்த நிமிஷமே சபையில் அவருடைய இடம் காலி. ராணியின் சம்பளம் கைக்கு வந்த பிறகும் இவர் நம் ஆள்தானா என்று ஜனங்கள் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதனால் தொகுதிக்குத் திரும்பி வந்து, மறுபடி நின்று ஜெயித்துப் போக வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவன் என்னைப் போன்ற ஆளாக இருந்திருப்பான்.

ஆனால் வழக்கம் வேறு. புது மந்திரியை யாரும் எதிர்ப்பதில்லை. நம் ஊருக்கென்று ஒரு மந்திரி வாய்த்திருக்கும்போது அவர் காலை வாரிவிட எவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? போன தடவை டெனூனுக்கு நில இலாகா கிடைத்தபோது அவர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கோர்ட்டு வாசற்படியில் தேர்தல் அதிகாரி காகிதத்தைப் படித்தார், ரொட்டிக்கடைக்காரர் பெயரை முன்மொழிந்தார், கொல்லர் வழிமொழிந்தார். பதினோரு நிமிஷத்தில் எல்லோரும் சாராயக் கடையில் இருந்தார்கள்.

இந்தத் தடவை அவரே வந்தார். வந்த மூன்றாம் நாள், அவருக்குப் பின்னாலேயே மாட்டு வண்டிகளில் பாலத்துக்கு மரங்கள் வந்தன. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

நான் கெசாயா ட்ரெதோவன். என் புருஷர் ஏமஸ், பிண்டரா ஆற்றின் ஓடக்காரர். ஓடம் என்றால் துடுப்புப் போடும் சின்னப் படகு இல்லை. இரண்டு வண்டிகளை மாட்டோடு ஏற்றலாம். அவ்வளவு அகலமான தட்டை ஓடம். கரையிலிருந்து கரைக்குக் கட்டிய வடத்தைப் பிடித்து இழுத்து, முந்நூறு கெஜம் தண்ணீரைக் கடக்க வேண்டும். ஓடம் சர்க்கார் குத்தகை. நாங்கள் இருந்த வீடு ஓடத்துறை நிலத்தில். பாலம் வந்தால் ஓடம் போகும், ஓடம் போனால் வீடு போகும். ஏமஸுக்கு ஐம்பத்தாறு வயது. வடம் இழுப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இனிமேல் கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை.

பாலத்து மரம் என்றாலே எங்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு உண்டு. ‘ஓட்டு மரம்’ என்போம். தேர்தலுக்கு முந்தின வாரம் ஆற்றங்கரையில் வந்து இறங்கும். ஓட்டு எண்ணியதும் வண்டியேறி அடுத்த தொகுதிக்குப் போகும். பக்கத்து மாவட்டத்தில் ஒரே மரங்கள் மூன்று ஊர்களுக்குப் போய்வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அந்த மரங்களைப் பார்க்கப் போனேன். இருபத்திரண்டு மரங்கள், எல்லாம் இரும்புக் கனம் கனக்கும் அயன்பார்க். ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து தடவினேன். பழைய ஆணித் துளை ஒன்றுகூட இல்லை. கத்தியால் சீவினால் உள்ளே ஈரம். தலைப்பக்கம் எண் போட்டு, கீழே எங்கள் ஊர்ப் பெயரை எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஏமஸிடம் சொன்னேன்.

“பச்சை மரம்யா. இப்பத்தான் வெட்டினது. இந்த ஆளு நெஜமாவே கட்டப் போறான்.”

“கட்டட்டுமே.”

“கட்டட்டுமேவா? அப்புறம் நாம எங்க போறது? அந்த மரத்துல ஊஞ்சல் கட்டி ஆடறதா?”

ஏமஸ் வடத்துக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. “பாத்துக்கலாம்” என்றார். முப்பத்தொரு வருஷத்தில் இந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவர் பார்த்துக்கொண்டதே இல்லை, நான்தான் பார்த்துக்கொண்டேன்.

அதோடு இன்னொன்று. டெனூனின் ஏஜென்ட் ஒருவன், புதுத் தொப்பி போட்ட ஒல்லிக்காரன், தினமும் ஓடத்தில் ஏறினான். அக்கரையில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. போவான், இறங்காமலே திரும்புவான். நட்டாற்றில் ஏமஸின் காதருகே எதையோ கேட்பான். ஏமஸ் கையால் எதையோ காட்டுவார். நான் தேநீர்க் குவளையோடு பக்கத்தில் போனதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

“என்னய்யா கேக்கறான் அவன்?”

“மழை வருமான்னு கேட்டான்.”

“நேத்திக்கும் அதான் கேட்டானா?”

“ஆமா.”

“முந்தாநாளும்?”

“ஏன், மழையைப் பத்தி ஒரு மனுஷன் கேக்கக் கூடாதா?”

என் காதில் பூச்சுற்ற இன்னும் ஆள் பிறக்கவில்லை. இவரை ஏதோ கொடுத்து வளைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். வாங்கியது கூட எனக்குப் பெரிதில்லை. எனக்குத் தெரியாமல் வாங்கினாரே, அதுதான் எரிந்தது.

எனக்கு ஓட்டு இல்லை, பெண்களுக்கு யார் தருகிறார்கள்? ஆனால் வாய் இருந்தது. பாலம் வேண்டுமென்று நின்றவர்கள் அக்கரைக்காரர்கள். காட்டை வெட்டி நிலம் திருத்திய முப்பது குடும்பங்கள். அவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் என் ஓடத்தில்தான் ஏறி இறங்க வேண்டும். பத்து நாள் ஏறினவர்கள் காதிலெல்லாம் ஓதினேன். பாலத்தில் வண்டிக்கு மட்டுமில்லை, கோழிக்கும் வரி போடப் போகிறார்கள் என்றேன். மரமெல்லாம் உள்ளே செல்லரித்தது, நானே கத்தியால் குத்திப் பார்த்தேன் என்றேன். டெனூன் போன வருஷமே தன் தங்கை புருஷன் ஊருக்குப் பாலத்தைப் பேசி முடித்துவிட்டார் என்றேன். அவருக்குத் தங்கை இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

பெயர் கொடுக்கும் நாளில், எல்லோரும் பதினோரு நிமிஷத்துக்குத் தயாராக நின்றபோது, கூட்டத்துக்குள்ளிருந்து கிரேக் முன்னால் வந்தான். கப்பல்துறைக்காரன், பெரிய கிடங்கு வைத்திருப்பவன். பாலம் வந்தால் நீராவிக் கப்பல் அதற்குக் கீழே நுழைய முடியாது, மேலே இருக்கும் தன் துறை நாசமாகப் போகும் என்பதுதான் அவன் கவலை. அதைச் சொல்வானா? ஊரின் சுதந்திரம், வியாபாரம், பிள்ளைகளின் எதிர்காலம் என்று முக்கால் மணி நேரம் முழங்கினான். அவன் பெயரையும் முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். போட்டி என்று ஆகிவிட்டது. ஐந்து நாளில் ஓட்டு.

டெனூன் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இதைக் கேள்விப்பட்டுத்தான் கப்பலேறி வந்திருக்கிறார். என் கேள்விக்குப் பதில் கிடைத்ததில் எனக்கு ஒரு திருப்தி. கிரேக் நின்றதில் அதைவிடத் திருப்தி.

அந்த வியாழக்கிழமை டாபித்தா வந்தாள். என் ஒரே மகள். அக்கரையில் கிடியன் பாஸ்கோவுக்கு வாழ்க்கைப்பட்டவள். வெண்ணெய் விற்க வருவாள், விற்றுவிட்டு நேரே என்னிடம் வருவாள். அன்றைக்கு வரவில்லை. தேடிப் போனால், மரக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

“இங்க எதுக்குடி உக்காந்திருக்க? ஈரம்.”

“செல்லரிச்ச மரம்னு சொன்னாங்க. அதான் பாக்க வந்தேன்.” என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “நல்லாத்தான் இருக்கு.”

நான் குனிந்து காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தேன்.

“அம்மா, அடுத்த வெள்ளத்துக்குள்ள பாலம் முடிஞ்சிடும்னு மந்திரி சொல்லியிருக்காரு. வரலன்னா நாங்க குவீன்ஸ்லாந்துக்குப் போயிடறோம். கிடியனோட அண்ணன் அங்க கரும்பு போட்டிருக்காரு. இன்னொரு தடவை என்னால அந்தக் கரையில நிக்க முடியாது.”

“உங்கப்பாவும் நானும் நடுத்தெருவுல நிக்கறதப் பத்தி யோசிச்சியா?”

“யோசிச்சேன். எங்க வீட்டுல ரெண்டு அறை இருக்கு. அதையும் யோசிச்சிட்டேன்.” எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். “நீ பாலத்துக்காகப் பேச வேணாம். குறுக்க நிக்காம இரு. அது போதும்.”

இரண்டு வருஷத்துக்கு முந்தின பிப்ரவரியில் வெள்ளம் வந்தது. டாபித்தாவின் முதல் குழந்தை ரூத்துக்குப் பதினோரு மாதம். தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு இழுத்தது. கிடியன் அக்கரையில் வெள்ளைத் துணியை ஆட்டினான். டாக்டர் இக்கரையில் பையோடு தயாராக நின்றார். நடுவில் வேரோடு பிடுங்கிய மரங்களும் செத்த மாடுகளும் போய்க்கொண்டிருந்தன. வடம் தண்ணீருக்கடியில். ஏமஸ் இரண்டு தடவை ஓடத்தை அவிழ்த்தார், இரண்டு தடவையும் நாலு பேர் அவரைப் பிடித்து இழுத்தோம். அதில் ஒரு ஆள் நான். டாக்டர் என்ன செய்ய வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தினார். ஒரு சொல்கூட அக்கரையில் விழவில்லை. மூன்றாம் நாள் கிடியன் துணி ஆட்டுவதை நிறுத்திவிட்டான். அவன் நிறுத்தியபோது எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த ஆற்றில் சம்பாதித்துத்தான் சாப்பிட்டேன். பாலம் வேண்டாமென்றும் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

டாபித்தா வந்துபோன அன்று சாயங்காலம் ஏமஸை விடவில்லை.

“அந்த ஏஜென்ட் என்னய்யா கேட்டான்? மழைன்னு சொன்னா இந்தக் கெட்டில் உன் தலையில.”

ஏமஸ் பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். “அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சுன்னு கேட்டான். தினம் ஒரு எடம் காட்டச் சொல்லி அளந்தான். பாலத்த அதுக்கு மேல போடணுமாம்.”

“இத எங்கிட்டச் சொல்ல என்ன?”

“அந்த வெள்ளத்தப் பத்தி உங்கிட்ட எப்படிப் பேச?”

லஞ்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் வாழ்நாளில் ஒருவரை நான் சந்தேகப்பட்டு அது பொய்யென்று தெரிந்தபோது இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பாலம் வரட்டும். வீடு போகட்டும். மகள் வீட்டு இரண்டாவது அறையில் போய் மூலையில் உட்காருவேன், அவள் சமையலில் உப்புக் குறை சொல்லிக்கொண்டு காலம் தள்ளுவேன்.

செவ்வாய்க்கிழமை ஓட்டு. காலையில் முதல் ஓடத்திலேயே அக்கரை ஆண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். முப்பத்தொரு பேர், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டு. மருமகன் கிடியனும் இருந்தான். அவர்கள் நிலம் வாங்கி வந்து ஐந்தாறு வருஷம். அதற்குள் பிண்டராவில் போட்டித் தேர்தல் நடக்கவே இல்லை. சீட்டு எப்படி இருக்கும் என்றுகூட முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் காலனியில் ஓட்டுப் போடுவது என்றால், சீட்டில் அச்சடித்த பெயர்களில் வேண்டாதவன் பெயரைக் கோடு போட்டு அடிப்பது. மிஞ்சுகிறவன் நமக்கு வேண்டியவன். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. யார் வேண்டும் என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் விழிப்பார்கள். யார் வேண்டாம் என்று கேட்டால் பென்சில் போதாது.

நான் வடத்தை விட்டுவிட்டு நடுவில் வந்து நின்றேன்.

“இங்க பாருங்கய்யா எல்லாரும். சீட்டுல ரெண்டு பேரு இருக்கும். கிரேக், டெனூன். உங்களுக்குப் பாலம் வேணும். அப்ப கிரேக் பேர அடிங்க. வேண்டாதவன் பேர அடிக்கணும். விளங்குதா? டெனூன் பேர்ல பென்சில் நுனிகூடப் படக் கூடாது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“என்ன மிஸ்ஸஸ், திடீர்னு எங்க மேல இவ்ளோ அக்கறை?” என்றான் ஒருவன்.

“போன வாரம் கோழிக்கு வரின்னு சொன்னீங்களே. குஞ்சுக்கும் சேத்தா?” என்றான் இன்னொருவன். சிரிப்பு.

“அது பொய். நாந்தான் கட்டி விட்டேன். இது நெஜம்.”

“அப்படியா! இன்னிக்குக் காலையிலேருந்து நெஜமா?”

ஓபெட் லிங்க்லேட்டர் என்று ஒரு நெட்டையன் இருந்தான். தென் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து போன வருஷம்தான் நிலம் வாங்கியவன். அவர்களில் நிஜமாக ஓட்டுப் போட்டுப் பழகியவன் அவன் ஒருவன்தான். தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“நான் மூணு தேர்தல்ல ஓட்டுப் போட்டவன். எங்க ஊர்ல, வேணுங்கறவன் பேருக்குப் பக்கத்துல பெருக்கல் குறி போடுவோம். வேண்டாதவன் பேர அடிக்கறதாவது! உலகத்துல எங்கயாவது உண்டா? கடைக்குப் போய் மாவு வேணும்னா, மாவத் தவிர எல்லாத்தையும் வேண்டாம்னா சொல்லுவோம்?”

“அது உங்க காலனிடா! இங்க சட்டம் வேற!” என்று கத்தினேன்.

“ரெண்டு காலனிக்கும் ஒரே ராணிதானே மிஸ்ஸஸ்?” என்று சிரித்தான். “பாலம் வந்தா ஓடம் போயிடும். ஓடக்காரி வந்து, இவன் பேர அடி, அவன் பேரத் தொடாதன்னு சொல்றாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

கிடியனைப் பார்த்தேன். “நீயாவது சொல்லு. உம் பொண்டாட்டிகிட்ட நான் என்ன பேசினேன்னு தெரியுமா உனக்கு?”

“குறுக்க நிக்காத, அது போதும்னு அவ சொன்னா. அது தெரியும்.” அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அதத்தானே அத்தை கேட்டோம்? சும்மா இருங்கன்னு.”

ரூத்தின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்திருக்கலாம். நாக்கு வரை வந்தது. அந்தக் குழந்தையை ஓட்டுச் சீட்டுக்கு இழுக்க மனம் வரவில்லை. இன்றைக்கும் யோசிக்கிறேன், இழுத்திருக்க வேண்டுமோ என்று. ஏமஸ் பின்பக்கம் வடத்தில் நின்றார். காற்றில் அவர் காதில் பாதி விழுந்திருக்கும், பாதி விழுந்திருக்காது. கரை வந்ததும் எல்லோரும் எனக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஓட்டுச்சாவடிக்குள் நடந்ததைப் பின்னால் கிடியன் சொல்லித் தெரிந்துகொண்டேன். சீட்டுக் கொடுக்க உட்கார்ந்திருந்த குமாஸ்தா, கிரேக்கின் மைத்துனன். சட்டப்படி ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறான், “வேண்டாதவர் பேர அடிங்க” என்று. சுவரில் அதையே எழுதி ஒட்டியிருந்தது, அதுவும் அவன் கையெழுத்தில். ஓபெட் தன் கூட்டத்தைப் பார்த்துக் கண் சிமிட்டினானாம். ஓடக்காரி ஒன்று சொன்னாள், கிரேக்கின் மைத்துனன் அட்சரம் பிசகாமல் அதையே சொல்கிறான், இரண்டு பேரும் கூட்டு என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? தென் ஆஸ்திரேலியச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் கட்டம் இருக்குமாம். இங்கே கட்டம் இல்லை. அதனால் பெயரின்மேலேயே, அழுத்தமாக, டெனூனுக்குப் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார்கள்.

ஐந்து மணிக்குத் தேர்தல் அதிகாரி கோர்ட்டு வாசற்படியில் வந்து நின்றார். கிரேக் நூற்றி நாற்பத்தொன்று. டெனூன் நூற்றி இருபத்திரண்டு. பத்தொன்பது ஓட்டு வித்தியாசம். கிரேக்கின் ஆட்கள் பாண்டு வாசிக்கத் தொடங்கினார்கள். டெனூனின் ஏஜென்ட் எண்ணியது தப்பு என்று கத்தினான்.

அதிகாரி கையைத் தூக்கினார். “எண்ணினதுல தப்பில்ல. ஒரு விஷயம் மட்டும் சொல்லணும். இருபத்தேழு சீட்டுல மந்திரியோட பேர் மேல பெருக்கல் குறி போட்டிருக்கு. எதுக்குப் போட்டாங்கன்னு நான் கேக்க முடியாது. அடிச்ச பேரு அடிச்ச பேருதான்.”

அக்கரைக்காரர்கள் ஒரே கூட்டமாக நின்றிருந்தார்கள். ஓபெட் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். இருபத்தேழு பேரும் எதைச் செய்துவிட்டு வந்தோம் என்று ஒரே நேரத்தில் புரிந்துகொண்டதை நான் பார்த்தேன். எனக்கு அழ வேண்டும்போல இருந்தது. ஓடிப் போய் அவர்களை ஆளுக்கொரு அறை விட வேண்டும்போலவும் இருந்தது. டெனூன் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் நன்றி சொன்னார். அந்த மனிதரிடம் ஒரு குறையும் இல்லை. மெம்பர் பதவி போனதால் மந்திரி பதவியும் போயிற்று. சனிக்கிழமை கப்பலேறினார், மரங்கள் அதற்கு முன்பே வண்டியேறிவிட்டன. வேறொரு ஆறு, வேறொரு ஊர்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிடியன் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

“அறுவடை முடிஞ்சதும் கிளம்பறோம் அத்தை. அண்ணனுக்கு எழுதியாச்சு.”

“டாபி எங்க? அவ வந்து சொல்லமாட்டாளா?”

“அவ பேசமாட்டா.” தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். “ஓடத்துல நீங்க சொன்னத நான் அவகிட்ட அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டல. ‘அம்மாவுக்குத் தெரியும், நீங்க யாரும் நம்பமாட்டீங்கன்னு. தெரிஞ்சுதான் நெஜத்தச் சொல்லியிருக்கா’ன்னா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. பொய் சொல்லியிருந்தா கூடப் பரவால்ல, நாங்க தப்பிச்சிருப்போம். உண்மையச் சொல்லி ஏமாத்திட்டீங்க.”

“கிடியன், நான் உண்மையச் சொன்னேன். உங்களுக்குப் பாலம் வேணும்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்லடா.”

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கோபம் இல்லை. ஊர்ச் சந்தையில் தெரியாத ஒருவன் மாட்டை விலை பேசும்போது பார்ப்போமே, எந்தக் காலில் நொண்டி என்று, அப்படிப் பார்த்தான். பிறகு துறைக்குப் போய்விட்டான். ஏமஸ் அவனை அக்கரையில் கொண்டுவிட்டார்.

அக்கரையில் டாபித்தா நின்றிருந்தாள். இங்கிருந்து பார்த்தால் உடையின் நீல நிறம் மட்டும் தெரியும். கையை ஆட்டினேன். அவள் பார்த்தாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கிடியன் இறங்கியதும் இரண்டு பேரும் மேட்டில் ஏறிப் போய்விட்டார்கள்.

அன்று சாப்பாட்டுக்கு உப்பிட்ட மாட்டிறைச்சியும் கிழங்கும் வைத்தேன். நான் கிழங்கைக் கத்தியால் நறுக்கிக்கொண்டே இருந்தேன். ஏமஸ் நிதானமாகச் சாப்பிட்டார். அந்த வாரம் முழுக்க ஊர் என்னைப் பற்றிப் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கிரேக்கின் ஆட்கள் சாராயக் கடையில் என் பெயரைச் சொல்லிக் கிளாஸைத் தூக்கிக் குடித்தார்களாம். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என் ஒரே ஆறுதலாக இருந்தது. உலகமே நம்பாவிட்டாலும் இந்த மனுஷனுக்காவது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தியை வைத்துவிட்டு, மேஜைக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்தார். நல்ல நாளிலேயே அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

“கெசாயா, நீ செஞ்சது தப்புதான். ரூத் கொழந்தைய நெனச்சா எனக்கு நெஞ்ச அடைக்குது. ஆனா யாருக்காக நீ செஞ்சேன்னு எனக்குத் தெரியும். இந்த வயசுல எங்கிட்டருந்து ஓடத்தப் பிடுங்கிடக் கூடாதுன்னு செஞ்சே. நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கமாட்டேன்.” கொஞ்சம் சிரித்துக்கூடக் கொண்டார். “உண்மையச் சொல்லியே கவுத்துட்டியே. கிரேக்குக்கு அந்த மூளை வராது.”

“ஏமஸ், நான் நெஜமாத்தான்யா சொன்னேன். அவனுங்க பாலத்துக்கு ஓட்டுப் போடணும்னுதான் சொன்னேன். சத்தியமா.”

அவர் என் கையை மெதுவாகத் தட்டினார்.

“எங்கிட்டயுமா, கெசாயா?”

முப்பத்தொரு வருஷம் எனக்குப் பயந்து கறியில் சின்னத் துண்டையே எடுத்துக்கொண்ட மனிதர், அன்று தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.